பூட்டுக்குள் போகும் கம்பிக்கு எந்த உலோகம்?

திரைப்படத்தில் கதாநாயகி கூந்தலிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவிப் பூட்டுக்குள் விட்டுத் திருகினால் கதவு திறந்துகொள்கிறது. அதே ஹேர்பின்னைத் தரமான ஒரு சிலிண்டர் பூட்டில் விட்டுப் பார்த்தால் முதலில் அது உள்ளேயே நுழையாது. நுனியைத் தட்டி, தேய்த்து எப்படியோ நுழைத்தாலும் முதல் பின்னைத் தூக்கும்போதே வளைந்துவிடும். வளைந்தது நிமிராது. தடிமன், வளையும் அளவு, வளைந்தபின் மீளும் திறன் என்று மூன்று விஷயங்கள் அங்கே ஒரே சமயத்தில் தோற்கின்றன.

பூட்டுத் திறப்புக் கருவிக்கு எந்த உலோகம் சிறந்தது என்ற கேள்விக்கு ஒருவர் கார்பன் எஃகு என்கிறார், இன்னொருவர் ஸ்டெயின்லெஸ் என்கிறார், மூன்றாமவர் டைட்டானியத்தைப் புகழ்கிறார். மேலே சொன்ன மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் கேட்பதால்தான் இத்தனை முரண்பட்ட பதில்கள் என்பது என் எண்ணம். பிரித்துப் பார்த்தால் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது.

கேட்பவர்கள் பெரும்பாலும் சாவி தொலைத்தவர்களுக்குக் கதவு திறந்துதரும் தொழிலாளர்கள். அவர்களோடு, பூட்டைப் புதிராக எண்ணித் திறந்து பழகும் ஆர்வலர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1997-இல் இதற்கென ஒரு விளையாட்டுச் சங்கமே தொடங்கப்பட்டது. நெதர்லாந்தில் தோன்றிய 'டூல்' என்ற அமைப்பு இன்று பல நாடுகளில் இயங்குகிறது. அவர்களிடம் இரண்டு கண்டிப்பான விதிகள் உண்டு. உன்னுடையதல்லாத பூட்டை உரியவர் அனுமதியின்றித் தொடாதே. உன்னுடையதே ஆனாலும், புழக்கத்தில் இருக்கும் பூட்டில் பழகாதே. முதல் விதி நேர்மை பற்றியது. இரண்டாவதற்கு உலோகம் சார்ந்த காரணமும் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன். ஜப்பானில் தக்க காரணமின்றி இக்கருவிகளை வைத்திருப்பதே 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எங்கே இருக்கிறோமோ அந்த இடத்துச் சட்டத்தைத் தெரிந்துகொண்டே இதில் இறங்க வேண்டும்.

கருவியின் உலோகத்தை முதலில் தீர்மானிப்பது பூட்டுதான். அமெரிக்காவின் லைனஸ் யேல் ஜூனியர் 1861-லும் 1865-லும் காப்புரிமை பெற்ற பின் பூட்டுதான் இன்று உலகம் முழுவதும் கதவுகளில் இருக்கும் சிலிண்டர் பூட்டின் மூதாதை. ஓர் உருளை, அதைச் சுற்றி ஒரு கூடு, இரண்டையும் குறுக்கே பிணைத்து நிற்கும் ஐந்தாறு ஜோடி பின்கள். ஒவ்வொரு ஜோடிக்கு மேலும் ஒரு சிறு ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்ததும் ஒவ்வொரு ஜோடியும் பிரியும் இடம் உருளையும் கூடும் சந்திக்கும் கோட்டில் வந்து நிற்கும்; உருளை சுழலும். துளைகள் எதுவும் துல்லியமாக ஒரே நேர்கோட்டில் அமைவதில்லை. உருளையை லேசாகத் திருகிப் பிடித்தால் ஏதாவது ஒரு பின் மற்றவற்றுக்கு முன்னால் இறுகும். அதைக் கம்பியால் தூக்கிச் சரியான உயரத்தில் நிறுத்தினால் அடுத்தது இறுகும். பூட்டுத் திறப்பின் மொத்த அடிப்படையும் இவ்வளவுதான்.

யேல் செய்த பெரிய மாற்றம் சாவியைத் தட்டையாக்கியது. அதற்கு முன்பிருந்த பூட்டுகளின் துளை அகலமானது. தடித்த கம்பி தாராளமாக நுழையும். தட்டைச் சாவி வந்ததும் துளை ஒரு கீற்றாகச் சுருங்கியது. பிற்பாடு அந்தக் கீற்றையும் நெளிநெளியாக வளைத்தார்கள். அன்றிலிருந்து திறப்புக் கருவி கம்பியாக இருக்க முடியாமல் மெல்லிய தகட்டில் வெட்டிய பட்டையானது. அமெரிக்கப் பூட்டுகளுக்கு 0.6 மி.மீ. தடிமன் பொதுவாக ஒத்துவரும். இடுங்கிய ஐரோப்பியத் துளைகளுக்கு 0.4 முதல் 0.5 மி.மீ. வரை இறங்க வேண்டும். துளையின் உயரமும் சிறிது, கீழ்ப்புறம் திருகும் கம்பியும் அதில் இடம் பிடிக்கிறது. ஆகவே கருவியின் தண்டு இரண்டு மி.மீ. உயரத்துக்கு மேல் போவது அரிது. இந்த நெருக்கடிதான் உலோகக் கேள்வியையே எழுப்புகிறது. இடம் இருந்தால் எந்த இரும்பும் போதும்.

சில எண்களைப் போட்டுப் பார்ப்போம். துளைக்குள் 30 மி.மீ. நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தண்டு. உயரம் 2 மி.மீ., தடிமன் 0.6 மி.மீ. இறுகிய பின் ஒன்றைத் தூக்க நுனியில் 3 நியூட்டன் விசை, அதாவது ஏறக்குறைய 300 கிராம் எடை, விழுகிறது என்று கொள்வோம். பள்ளிப் பாடத்தில் வரும் யங் குணகம்தான் ஒரு உலோகத்தின் விறைப்பைச் சொல்வது. கார்பன் எஃகுக்கு அது சுமார் 205 கிகாபாஸ்கல். 301 வகை ஸ்டெயின்லெஸ் எஃகுக்கு 193. கணக்கிட்டால் கார்பன் எஃகுத் தண்டின் நுனி 0.33 மி.மீ. வளைகிறது, ஸ்டெயின்லெஸ் தண்டு 0.35 மி.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு. எந்த விரலும் அதை உணராது.

இப்போது உலோகத்தை மாற்றாமல் தண்டின் உயரத்தை மட்டும் 2 மி.மீ.யிலிருந்து 1.5 மி.மீ.யாகக் குறைத்தால் அதே ஸ்டெயின்லெஸ் தண்டு 0.83 மி.மீ. வளைகிறது. காரணம், விறைப்பு உயரத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. அரை மில்லிமீட்டர் அரத்தில் தேய்ந்து போனால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எஃகும் அதை ஈடுகட்டாது.

ஷ்லேக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சாவியில் ஒரு வெட்டு ஆழத்துக்கும் அடுத்த ஆழத்துக்கும் இடையிலான படி 0.38 மி.மீ. நாம் கணக்கிட்ட நல்ல தண்டின் வளைவே கிட்டத்தட்ட ஒரு படி. மெலிந்த தண்டு இரண்டு படிக்கு மேல் வளைகிறது. கை மேலே போகிறது, ஆனால் பின் நகரவில்லை; சட்டென்று பின் விடுபடும்போது தண்டில் சேர்ந்திருந்த வளைவு மொத்தமும் விசையாக மாறி அதைத் தேவைக்கு மேல் தள்ளிவிடுகிறது. கருவியில் 'உணர்வு' இல்லை என்று பலர் குறைபட்டுக்கொள்வது இதைத்தான். எஃகைப் பொறுத்தவரை விறைப்பு ஏறக்குறைய முழுக்க வடிவத்தின் விளைவு. எஃகு வகைகளுக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதால் அது கிடைக்காது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், புதிதாகப் பழகுகிறவர்கள் நல்ல உணர்வு வேண்டும் என்று விலையுயர்ந்த எஃகைத் தேடி அலைவதும், கடைசியில் அதையும் மெலிந்த வடிவத்தில் வாங்குவதும் தொடர்ந்து நடக்கிறது.

அப்படியானால் உலோகத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. எவ்வளவு தூரம் வளைந்தால் திரும்பி நிமிரும், எந்த இடத்துக்கு மேல் நிமிராது, அதையும் தாண்டினால் வளையுமா முறியுமா என்பதையெல்லாம் உலோகம்தான் தீர்மானிக்கிறது. மீட்சி எல்லை என்று பாடநூல்கள் சொல்வது இந்த நிமிரும் வரம்பைத்தான்.

அதே தண்டைத் திரும்ப எடுத்துக்கொள்வோம். 3 நியூட்டன் விசையில் 2 மி.மீ. தண்டின் அடியில் உண்டாகும் தகைவு 225 மெகாபாஸ்கல். பாத்திரக் கடையில் பார்க்கும் 304 ஸ்டெயின்லெஸ், மென்மையாக்கிய நிலையில், 205 சுமாருக்கே விட்டுக்கொடுத்துவிடும். அதாவது சமையலறைத் தட்டை வெட்டிச் செய்த கருவி முதல் பின்னிலேயே நிரந்தரமாக வளையும். அதே குடும்பத்தைச் சேர்ந்த 301, குளிர்நிலையில் உருட்டி முழுக் கடினமாக்கிய பட்டையானால், குறைந்தது 965 வரை தாங்கும். 17 முதல் 18 சதவீதம் வரை குரோமியம், சிறிதளவு நிக்கல் என்று இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கடையில் 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் சொல்லி விற்கப்படும் கருவி எந்த நிலை எஃகில் ஆனது என்று கேட்காமல் வாங்கினால் ஏமாற்றம் நிச்சயம்.

இன்னும் கடுமையான நிலையைப் பார்ப்போம். பொறுமை இழந்த கை 10 நியூட்டன் கொடுக்கிறது, தண்டு 1.5 மி.மீ. தான். தகைவு 1,333-க்கு ஏறிவிடுகிறது. 301 இங்கே நிமிராமல் போகும். நன்றாகத் துவைச்சல் கொடுத்த 1095 கார்பன் எஃகோ, 17-7 என்று அழைக்கப்படும் ஸ்பிரிங் ஸ்டெயின்லெஸ்ஸோ இதையும் தாங்கி நிமிர்ந்துவிடும். இடுங்கிய துளைக்கு மெல்லிய கருவி தேவைப்படுகிறவர்கள் உயர்தர எஃகை நாடுவதற்கு இதுவே நியாயமான காரணம். அகன்ற துளையுள்ள பூட்டில் பழகுகிறவருக்கு அந்தத் தேவை எழுவதே இல்லை.

இந்த எஃகுகள் வலுவைப் பெறும் வழி ஒவ்வொன்றுக்கும் வேறு. அது தெரியாமல் அரத்தையும் சாணைக்கல்லையும் தொடுகிறவர்கள் நல்ல பொருளைக் கெடுக்கிறார்கள்.

1095 என்பதில் கடைசி இரண்டு இலக்கங்கள் கார்பனைக் குறிப்பவை, ஏறக்குறைய 0.95 சதவீதம். நம் கொல்லர்கள் அரிவாளுக்குச் செய்வதுதான் இதற்கும்: சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்துவது. தோய்த்ததோடு விட்டால் கண்ணாடித் துண்டைப் போல் உடையும். மறுபடி சூடேற்றும்போது மேற்பரப்பில் தோன்றும் நிறமே பதத்தைச் சொல்லும். 230 பாகை செல்சியஸ் சுமாரில் வைக்கோல் மஞ்சள். அது வெட்டும் கருவிக்குரிய பதம். 300 பாகை சுமாரில் நீலம். ஸ்பிரிங் பதம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. திறப்புக் கருவிக்கு வேண்டியது நீலமும் அதற்கு மேலும். விற்பனைக்கு வரும் 1095 ஸ்பிரிங் பட்டை பெரும்பாலும் ராக்வெல் சி அளவில் 48 முதல் 51 வரை கடினத்தோடு வருவதால் வாங்குகிறவர் தோய்க்க வேண்டியதில்லை. தேய்க்கும்போது அந்தப் பதத்தைக் கெடுக்காமல் இருந்தால் போதும். மெல்லிய நுனி சாணைக்கல்லில் சில நொடிகளில் சூடேறிவிடும். கையுறை போடாமல் வெறும் விரலால் பிடித்துத் தேய்ப்பதும், விரல் சுடத் தொடங்கியதும் தண்ணீரில் தோய்ப்பதும் பழைய பட்டறைப் பழக்கம். நீலமும் தாண்டி நுனி சாம்பல் நிறமானால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்குவதே சரி.

301-க்குத் துவைச்சல் கிடையாது. தகட்டை அறை வெப்பநிலையில் உருளைகளுக்கிடையே நசுக்கி நசுக்கி மெலிதாக்கும்போது அதன் உள்ளமைப்பே மாறி வலுவாகிறது. அந்த மாற்றத்தால் காந்தத்தில் ஒட்டாத உலோகம் லேசாக ஒட்டத் தொடங்குகிறது. இதைச் சிவக்கக் காய்ச்சினால் மென்மையாகிவிடும். எந்த எண்ணெயில் தோய்த்தாலும் பழைய வலு திரும்பாது. கார்பன் எஃகில் பழகிய கையோடு வளைப்பதற்காக இதைக் காய்ச்சுகிறவர்கள் கருவியைக் கொன்றுவிடுகிறார்கள். மற்றபடி வீட்டில் செய்கிறவருக்கு 301 மிக இணக்கமான பொருள். எல்லை மீறினால் முறியாமல் பெரும்பாலும் வளையும்.

இந்தக் கடைசிக் குணத்தை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். முன்பு சொன்ன இரண்டாவது விதியின் உலோகக் காரணம் இதுதான். பூட்டுக்குள் முறிந்த நுனி இரண்டு பின்களுக்கு நடுவே சிக்கினால் அதை எடுப்பது பூட்டைத் திறப்பதைவிடக் கடினம். புழக்கத்திலுள்ள கதவானால் வீட்டுக்காரர் தன் சாவியைக்கூட நுழைக்க முடியாமல் வெளியே நிற்பார். வளைந்த கருவி கையில் எடுத்துப் பார்க்கக் கிடைக்கிறது. விசை அதிகமாகிவிட்டது என்று காட்டுகிறது. முறிந்த கருவி எந்த முன்னறிவிப்பும் தராது. கடினத்தை மட்டும் அளவுகோலாக வைத்து 440சி போன்ற எஃகைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான் தவறு. ஒரு சதவீதம் கார்பனும் 17 சதவீதம் குரோமியமும் கொண்ட அந்த எஃகு கத்திக்கும் பேரிங்குக்கும் அருமையானது. பக்கவாட்டு விசை விழும் மெல்லிய பட்டைக்கு அது ஏற்றதல்ல.

420 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 13 சதவீதம் அளவுக்குக் குரோமியம், தோய்த்துக் கடினமாக்கலாம், சந்தையில் மலிவு. கருவித் தொகுப்புகள் பலவற்றில் இதுதான் இருக்கிறது. நன்றாகப் பதப்படுத்தியிருந்தால் 301-ஐவிட மீட்சி எல்லை அதிகம். பதத்தைத் தயாரிப்பாளர் கவனிக்காமல் விட்டிருந்தால் முறியும். வாங்குகிறவருக்கு இதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை என்பதே என் தயக்கம்.

துரு விஷயத்தில் நீண்ட விவாதம் தேவையில்லை. உள்ளங்கை வியர்வையில் உப்பு இருக்கிறது. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ யாழ்ப்பாணத்திலோ கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். கார்பன் எஃகுக் கருவியை ஒவ்வொரு முறையும் துடைத்து எண்ணெய் தடவி வைக்காவிட்டால் ஒரு மழைக்காலத்திலேயே புள்ளி புள்ளியாக அரிக்கும். அந்தப் புள்ளிகள் அழகை மட்டும் கெடுப்பதில்லை. ஒவ்வொன்றும் விரிசல் தொடங்கும் இடம். 420-உம் முழுப் பாதுகாப்பு அல்ல. நம் கடற்கரை ஊர்களுக்கு 301 அல்லது 17-7 என்று தயங்காமல் சொல்வேன்.

எஃகைத் தாண்டிய உலோகங்களில் அதிகம் பேசப்படுவது டைட்டானியம். விமானங்களில் பயன்படும் அதன் பிரபலமான கலவையின் மீட்சி எல்லை 880 சுமார், 301-க்கு அருகில். ஆனால் யங் குணகம் 114 மட்டுமே. நம் 2 மி.மீ. தண்டை அதில் செய்தால் 0.35-க்குப் பதில் 0.59 மி.மீ. வளையும். நிறைய வளைந்து நிறைய மீளும் என்பதால் உடையாது, உண்மைதான். ஆனால் பின்னின் நிலையை விரலுக்குச் சொல்ல வேண்டிய கருவி பாதிச் செய்தியை வளைவிலேயே விழுங்கிவிடுகிறது. எடை குறைவு என்பதை ஒரு பெருமையாகச் சொல்வார்கள். சில கிராம் எடையுள்ள பொருளில் பாதியைக் குறைத்து என்ன பயன்? பெரிலியம் செம்பு நல்ல ஸ்பிரிங். ஆனால் அதைத் தேய்க்கும்போது கிளம்பும் தூள் நுரையீரலை நிரந்தரமாகப் பாதிக்கும். வீட்டில் அதைத் தொடவே கூடாது. பித்தளையும் அலுமினியமும் இந்த வேலைக்கு மிக மென்மை.

பழைய பொருளிலிருந்து செய்துகொள்ளும் மரபு இந்தக் கலைக்குள் ஆழமாக இருக்கிறது. 1991-இல் எம்.ஐ.டி. வட்டாரத்தில் உருவாகி உலகெங்கும் பரவிய ஒரு கையேடு, தெருக் கூட்டும் இயந்திரத்தின் தூரிகையிலிருந்து உதிரும் எஃகுப் பட்டைகளைப் பரிந்துரைத்தது. தெருவை உரசி உரசி வளைந்து மீளவே செய்யப்பட்டவை என்பதால் அவை பொருத்தமான ஸ்பிரிங் எஃகு. நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது ஆக்சா பிளேடு. 13 மி.மீ. அகலமுள்ள அதன் பல்லைத் தேய்த்து எடுத்துவிட்டால் 0.65 மி.மீ. அளவு தடிமனில் ஒரு பட்டை மிஞ்சும். நமக்கு வேண்டிய தடிமன் அதுவே. ஆனால் எல்லா பிளேடும் ஒன்றல்ல. முழுதும் கடினமாக்கிய மலிவு பிளேடு கையில் வளைத்தால் பட்டென்று முறியும், கண்ணுக்கும் ஆபத்து. பல்லில் ஓர் எஃகும் முதுகில் ஸ்பிரிங் எஃகுமாக இணைத்துச் செய்யும் பை-மெட்டல் பிளேடு வளைந்து மீளும். அதன் முதுகுதான் நமக்கு வேண்டியது.

அதைவிட நல்லது மெக்கானிக் பட்டறையில் இருக்கும் ஃபீலர் கேஜ். ஒவ்வொரு இதழிலும் தடிமன் பொறித்திருக்கும், பதப்படுத்திய ஸ்பிரிங் எஃகு, 0.4, 0.5, 0.6 என்று தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம். பூட்டுத் திறப்புக்கென்றே செய்து விற்கும் பட்டை கிடைக்காத ஊரில் இதற்கு இணையாக வேறொன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உலோகம் எதுவானாலும் முறிவு தொடங்கும் இடத்தைப் பெரும்பாலும் உருவாக்குகிறவர் கருவியைச் செய்தவரே. தண்டு பிடியோடு சேரும் இடத்தில் கூர்மையான உள்மூலை விட்டால் தகைவு முழுவதும் அங்கே குவியும். அந்த மூலையை வட்ட அரத்தால் உருட்டிவிட வேண்டும். சாணைக்கல் விடும் குறுக்குக் கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு விரிசலுக்கு விதை. 400, 600, 1000 என்று உப்புத்தாளை ஏற்றிக்கொண்டே போய், எப்போதும் நீளவாக்கில் தேய்த்து அவற்றை அழிக்க வேண்டும். இதில் கூடுதல் பலனும் உண்டு. பின்கள் பெரும்பாலும் பித்தளை. கரடுமுரடான எஃகு நுனி அவற்றைக் கீறும், உராயும், கீழே நகரும்போது தூக்கிய பின்னை இழுத்துக்கொண்டு வரும். மெருகேற்றிய 301 கருவி, மெருகேற்றாத எந்த உயர்ந்த எஃகையும்விட நன்றாக வேலை செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிடியும் அப்படித்தான். தடித்த ரப்பர் உறை கைக்குச் சுகம், ஆனால் பின் அமரும் மெல்லிய அதிர்வை அது உறிஞ்சிக்கொள்ளும். பட்டையின் தொடர்ச்சியாகவே இருக்கும் உலோகப் பிடியை, ஓரங்களை மழுக்கிவிட்டு, வெறும் விரலில் பிடிப்பது மேல்.

உருளையைத் திருகிப் பிடிக்கும் டென்ஷன் கம்பிக்கு வேறு கணக்கு. அது பின்னைத் தொடுவதில்லை. ஒரே அளவான மெல்லிய முறுக்கைத் தந்துகொண்டே இருக்க வேண்டும். நெகிழும் கம்பி நல்லது என்று ஒரு சாரார். விறைத்ததுதான் நல்லது என்று மறுசாரார். நடுவில் இடுப்பு மெலிந்த ஸ்பூல் பின்களைக் கொண்ட பூட்டுகள் வந்த பிறகு இரண்டாவது தரப்பே சரி என்று நினைக்கிறேன். சிக்கிய அந்தப் பின்னைத் தூக்கும்போது உருளை மிகச் சிறிதாகப் பின்னோக்கித் திரும்பும். அந்தத் திருப்பத்தை விரல் உணர வேண்டுமானால் கம்பி நெகிழக்கூடாது. துளையின் மேல்முனையில் செருகும் ஒரு மி.மீ. தடிமன் கொண்ட குட்டையான 301 பட்டை இதற்குப் போதும். கார் வைப்பர் ரப்பருக்குள் ஓடும் மெல்லிய எஃகுப் பட்டையும் நன்றாக உழைக்கும். ஒரு சிக்கல்: முழுக் கடினமான பட்டையைச் சுருக்கென்று செங்கோணமாக மடித்தால் வெளிப்புறம் வெடிக்கும். மடிக்கும் கோடு பட்டையை உருட்டிய திசைக்குக் குறுக்காக இருக்கட்டும். மடிப்புக்குள் ஓர் ஆணியையாவது வைத்து வளைவைத் தளர்வாக விடவும்.

இதுவரை சொன்னதெல்லாம் பின் பூட்டுக்கு. நம் திண்டுக்கல் பூட்டு வேறு இனம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டுகளில் மாங்காய்ப் பூட்டு உள்ளிட்ட வகைகள் லீவர் முறையில் இயங்குபவை. உள்ளே அடுக்கிய தகடுகள் ஒவ்வொன்றையும் சாவி தனித்தனி உயரத்துக்குத் தூக்க வேண்டும். அப்போதுதான் தாழ் நகரும். அங்கே துளை அகலம், ஸ்பிரிங்கின் எதிர்ப்பு அதிகம், தாழை அழுத்திப் பிடிக்க வேண்டிய விசையும் அதிகம். 0.6 மி.மீ. பட்டைக்கு அங்கே வேலையில்லை. இரண்டு, மூன்று மி.மீ. தடிமனுள்ள உருண்டைக் கம்பியைக் கொக்கியாக வளைத்துப் பயன்படுத்துவார்கள். பியானோக் கம்பி என்று விற்கப்படும் கார்பன் எஃகுக் கம்பி இரண்டு மி.மீ. அளவில் 2,000 மெகாபாஸ்கல் சுமாருக்கு இழுவலிமை கொண்டது. இந்த வேலைக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி இரண்டாம்பட்சம்.

லீவர் பூட்டின் வரலாறு உலோகப் பெருமை பேசுவோருக்கு ஒரு நல்ல பதிலையும் வைத்திருக்கிறது. 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ், திறக்கவே முடியாதென்று பெயரெடுத்த சப் நிறுவனத்தின் லீவர் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பிக்காடில்லியில் 200 கினி பரிசு அறிவித்துப் பல ஆண்டுகளாகக் காட்சிக்கு வைத்திருந்த பிராமா பூட்டையும், பதினாறு நாட்களில் பரவிய 51 மணி நேர உழைப்பில் திறந்துகாட்டினார். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி ஸ்டெயின்லெஸ் எஃகை உருவாக்கியது 1913-இல். ஹாப்ஸ் கையில் இருந்திருக்கக்கூடியது மூசையில் உருக்கிய சாதாரணக் கார்பன் எஃகுதான். பூட்டின் அமைப்பைப் படித்து, அதற்கேற்ப ஒவ்வொரு கருவியையும் வடிவமைத்ததே அவருடைய பலம்.

கடைசியாக, கையில் கிடைத்த அடையாளம் தெரியாத பட்டை எந்தத் தரம் என்று பார்க்க ஒரு வழி. காந்தம் ஒட்டவே இல்லையென்றால் அது மென்மையான ஸ்டெயின்லெஸ், தள்ளிவிடலாம். லேசாக ஒட்டினால் குளிர்நிலையில் உருட்டியதாக இருக்கலாம். பலமாக ஒட்டினால் கார்பன் எஃகு, 420, 17-7 ஆகியவற்றில் ஒன்று. சாணைக்கல்லில் தொட்டால் கார்பன் எஃகின் பொறி கிளை கிளையாக வெடித்துப் பூக்கும். ஸ்டெயின்லெஸ் பொறி குட்டையாக, கிளை குறைவாக இருக்கும். ஆனால் இவை இனத்தைச் சொல்லுமே தவிரப் பதத்தைச் சொல்லாது. பதத்துக்கு பிவிசி குழாய் போதும். 0.6 மி.மீ. பட்டையை, கண்ணாடி அணிந்துகொண்டு, 110 மி.மீ. குழாயின் மேல் ஒட்டினாற்போல் வளைத்து விடவும். மென்மையான தகடு வளைந்தே நிற்கும். முழுக் கடினமான 301 ஏறத்தாழ நேராகத் திரும்பும். திரும்பினால் அடுத்து 75 மி.மீ. குழாய். அதில் 301-இல் சற்றே வளைவு தங்கும். அதிலும் நிமிர்ந்து வந்தால் நல்ல பதத்திலுள்ள 1095 அல்லது 17-7 உங்கள் கையில் இருக்கிறது. 0.4 மி.மீ. பட்டையானால் இதே சோதனையை 75, 50 மி.மீ. குழாய்களில் செய்ய வேண்டும்.